கொண்டி விழுந்த சத்தம்

சாத்தினேன். இடது கையில் தீவனச் சட்டி இருந்தது. வலது கையால் கதவை இழுத்தேன், கொண்டியை இறக்கினேன், அது 'டக்'கென்று விழுந்தது. காதால் கேட்டேன். ஆனால் அந்த 'டக்' நேற்று விழுந்ததா, முந்தாநாள் விழுந்ததா? தினமும் அதே கதவு, அதே கை, அதே சத்தம். இதில் எது நேற்றையது என்று எதை வைத்துச் சொல்வது?

"அக்கா, கார்டு! எத்தனை தடவை கூப்பிடறது?"

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் கேட்ட நோயாளிக் கார்டு, அலமாரி முன்னால் நின்றிருந்தவளின் கையில்தான் இருந்தது. எடுத்து வெகுநேரம் ஆகிவிட்டது. பெயர் சரிதானா, எண் சரிதானா, பிறந்த தேதி சரிதானா என்று நான்காவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, புதுசா படிக்கக் கத்துக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

பதினெட்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஆளைப் பார்த்ததும் எந்த அலமாரி, எந்த அடுக்கு என்று கை தானாகப் போய்விடும். "இவங்க இருக்கிறவரைக்கும் எனக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு கார்டிலும் வாயின் படம் ஒன்று உண்டு. மேல் வரிசை, கீழ் வரிசை, பல்லுக்கொரு கட்டம். சொத்தைப் பல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறிகளைப் பார்த்தே முகத்தைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் இப்போது நான்கு முறை பார்க்கிறாள், எல்லாம் முப்பது கோழிகளால்.

கோழி யோசனை அவள் கணவருடையது. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு அளக்க நிலமில்லை. சட்டைப்பையில் டேப் மட்டும் இருந்தது. தெருவில் எல்லோரும் 'டேப் சார்' என்றே கூப்பிடுவார்கள். யாராவது மேசை வாங்கினால் வாசலில் வைத்தே அளந்து, "உள்ள போகாது" என்பார். பெரும்பாலும் போகாது. கடையில் வாங்கும் கறிக்கோழியில் என்னென்ன ஊசி போடுகிறார்களோ என்று ஒருநாள் ஆரம்பித்தவர், மறுவாரம் பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள் முப்பதை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். மூன்று வாரம் கூடத்து மூலையில் மஞ்சள் பல்புக்கு அடியில் அவை கீச்கீச்சென்று கத்தின. அதற்குள் கொல்லையில் கூடு எழும்பியது. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். மூலைக்கு மூலை அளந்து, ஒரு நூல்கூடப் பிசகாமல் கட்டினார். வீட்டைப் பார்த்த பக்கமும் இரண்டு ஓரங்களும் பலகை. பின்பக்கம், காலி மனையைப் பார்த்த பக்கம் மட்டும் காற்றுக்காகக் கம்பி வலை. இடது ஓரத்தில் கதவு, கதவில் ஒரு கொண்டி.

காலையில் திறப்பது அவர். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து தீவனம் வைத்துச் சாத்துவது அவள். யாரும் சொல்லிப் பிரித்த வேலை இல்லை, அப்படி அமைந்துவிட்டது.

அவளுக்கு அந்தக் கோழிகளைப் பிடித்துப்போனதை அவளே எதிர்பார்க்கவில்லை. கறிக்கோழிக்கு ஓடத் தெரியாது, பறக்கத் தெரியாது. நெஞ்சு கனத்து, தீவனத் தட்டின் முன்னால் உட்கார்ந்தே தின்னும், தின்ற இடத்திலேயே தூங்கும். பரணில் ஏறாமல் தரையில் மரத்தூளில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவள் உள்ளே போனால் எழுந்து வரச் சோம்பல்பட்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்க்கும். 'சரிதான், நீங்களும் என்னைப்போல நாள் முழுக்க நின்ற களைப்பா?' என்று நினைத்துக்கொள்வாள்.

ஐந்தாவது வாரத்தில் முதல் கோழி செத்தது.

அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து அவர் குரல் வந்தது. "கதவு! கதவைச் சாத்தினியா நேத்து?"

போய்ப் பார்ப்பதற்குள் அவர் அதை வாளியில் போட்டிருந்தார். தலை இல்லை. உடம்பில் வேறு ஒரு கீறல் இல்லை.

"சாத்தினேனே."

"சாத்தியிருந்தா எப்படி உள்ள வந்துச்சு? கொண்டி சரியா விழுந்திருக்காது. ஏதோ ஞாபகத்துல இருந்திருப்ப."

ஏதோ ஞாபகத்தில் இருந்திருக்கலாம். மனிதர்கள் அப்படித்தானே கதவு சாத்துகிறார்கள்? அன்று சாயங்காலம் அவள் கொண்டியை இறக்கிவிட்டு ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். சமையலறை வரை வந்து, திரும்பிப் போய் மறுபடி ஆட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு கோழிகள். இரண்டுக்கும் தலை இல்லை.

இந்த முறை அவர் கத்தவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கும் மறதி கதவில்தான் தொடங்கியது. ஐம்பத்தாறு வயதில். பூட்டிய கதவைப் போய்ப் போய் இழுத்துப் பார்ப்பாள். பிறகு ஒருநாள் வீட்டை மலரத் திறந்து போட்டுவிட்டு எங்கோ கிளம்பிப் போனாள். அடுப்பு, கடைத்தெரு, நாள், கிழமை என்று ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் பெற்ற மகளையே பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மகளுக்கு இப்போது ஐம்பத்து நான்கு.

அவர் வழக்கம்போலத் தன் அக்காவிடம் சொன்னார். அவர் மனதில் எதுவும் தங்காது, அக்காவின் காதுக்குப் போனால்தான் அது நடந்ததாகவே கணக்கு. நாத்தனார் ஃபோனில் பேசினால் ஸ்பீக்கர் வேண்டியதில்லை.

"ஏன் தம்பி, உன் பொண்டாட்டி கோழிக்குக் காவலா, நரிக்குக் காவலா? எனக்குன்னு சொன்ன ஆறு கோழியில ஆறு காலாவது மிஞ்சுமா?"

அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்கூட வந்தது. பிறகு நாத்தனாரின் குரல் தணிந்தது. தணிந்தாலும் கேட்டது.

"விளையாட்டில்ல தம்பி. அவ அம்மாவுக்கு இருந்துச்சில்ல? என்கூட வாக்கிங் வர்றாங்களே, அவங்க மகன் மூளை டாக்டர்தான். நான் பேசி நேரம் வாங்கறேன். ஒரு டெஸ்ட் எடுத்துட்டா நல்லது. பயமுறுத்தாம கூட்டிட்டு வா."

அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நேரம் கிடைத்தது. அவர் காலண்டரில் எழுதினார், என்னவென்று எழுதாமல், '10.30' என்று மட்டும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கண் அங்கேதான் விழுந்தது. கார்டை நான்கு முறை பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பஸ்ஸில் ஏறியதும் பை இருக்கிறதா என்று தொட்டாள். பை தோளில் இருந்தது. தொட்டதை மறந்துவிட்டு மறுபடி தொடுகிறோமோ என்று பயந்து மறுபடி தொட்டாள். மனதுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு அவளையே வேவு பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த ஆளும் அவள்தான்.

மேசைப் பெண் சிரித்த அன்று, வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு பூட்டு வாங்கினாள். இருட்டுவதற்கு முன் கொண்டியில் மாட்டிப் பூட்டினாள். சாவியைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு படுத்தாள். இனி மறந்தேன், மறக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. சாவி உறைக்குள் இருந்தால் பூட்டியிருக்கிறாள்.

விடிந்ததும் அவர்தான் வந்து எழுப்பினார். "சாவி எங்க? திறக்க முடியல."

சாவி உறைக்குள் இருந்தது. அவளே போனாள். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. திறந்தாள். வலைப்பக்கம், நடுவில், ஒரு கோழி தலையில்லாமல் கிடந்தது.

அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்ப நீ கள்ளனை உள்ள வச்சே பூட்டியிருக்க" என்றார்.

பூட்டும்போது ஏதாவது உள்ளே இருந்ததா? தீவனம் வைத்தாள், தண்ணீர் மாற்றினாள், மூலைகளைப் பார்த்தாளா? பலகையைப் பிடித்தபடி நின்றாள்.

அப்புறம் ஒன்று தோன்றியது. உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால் அது இப்போதும் உள்ளேதானே இருக்க வேண்டும்?

பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஆறில் ஒளிந்துகொள்ள என்ன இருக்கிறது? தீவனத் தட்டு, தண்ணீர்க் குவளை, இருபத்தாறு கோழிகள். அவளைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"தொடாதீங்க."

"நாறிடும்."

"கொஞ்ச நேரம் நாறட்டும்."

அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டு நாளாகியிருக்க வேண்டும், நின்றுவிட்டார். அவள் வீட்டுக்குள் போய்க் கைப்பையிலிருந்து எழுதாத கார்டு ஒன்றை எடுத்துவந்தாள். மருத்துவமனையில் அச்சு சரியில்லாமல் கழித்துப் போட்டவை எப்போதும் நான்கைந்து பையில் இருக்கும், கடைச் சாமான் எழுத. பின்பக்கம் கூட்டை வரைந்தாள். இங்கே கதவு, இங்கே பலகை, இங்கே வலை. கோழி கிடந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பல்லுக்குப் போடுகிற அதே குறி. இது அவளுக்குத் தெரிந்த வேலை.

"முதல் கோழி எங்க கிடந்துச்சு?"

"அது போன வாரம். இப்ப எதுக்கு?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

அவருக்கு இருந்தது. இல்லாமல் இருக்குமா? முப்பத்திரண்டு வருடம் எல்லைக் கல் நட்டவர். "வலது மூலையில இருந்து ரெண்டடி. வலையில இருந்து நாலு இஞ்சு தள்ளி" என்றார், தன்னை அறியாமல் கையால் காட்டிக்கொண்டே.

குறி போட்டாள்.

"அப்புறம் ரெண்டு செத்துச்சே?"

"ஒண்ணு அஞ்சடியில. ஒண்ணு ஏழுக்கு உள்ள, ஆறே முக்கால்னு வச்சுக்க. ரெண்டும் வலை ஓரமாத்தான். நீ போடற ஆறே முக்கால் சரியில்ல, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளிப் போட்டாள். கார்டை நிமிர்த்திப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கதவுப் பக்கம் ஒரு குறி இல்லை. பலகைப் பக்கம் ஒன்றில்லை. நான்கும் வலையை ஒட்டி, கீழ்வரிசைப் பல் போல ஒரே கோட்டில் இருந்தன.

அவள் கூட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பலகைக்கும் வேலிச் செடிக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போக முடியும், கட்டி முடித்த பிறகு யாரும் அந்தப் பக்கம் போனதேயில்லை. சேலையில் முள் மாட்டியது. வலைக்கு வெளியே, தரையில், வெள்ளை இறகுகள். வலையின் கண்களிலும் இறகு சிக்கியிருந்தது. ஈர மண்ணில் சின்னச் சின்னக் காலடி, ஐந்து விரல், முனையில் நகம் குத்திய புள்ளி. வலையை ஒட்டியே போய், நின்று, திரும்பி, மறுபடி நின்று. மரநாயோ, வேறெதுவோ. கதவுப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் விரலை வலைக்குள் விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று விரலும் போயின. உள்ளே சாய்ந்து படுத்திருந்த கோழி ஒன்று தீவனமென்று நினைத்து நடுவிரலைக் கொத்தியது. வெக்கை தாங்காமல் காற்றுக்காக இவை வலையில் சாய்ந்து தூங்குகின்றன. வெளியே நிற்கும் விலங்குக்கு உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லை. வலைக் கண்ணுக்குள் கையை விட்டு, தலையைப் பிடித்து இழுத்தால் போதும்.

"ஏங்க, டேப் குடுங்க."

வலை வழியாகவே கொடுத்தார். டேப் தாராளமாக நுழைந்தது. வலையின் ஒரு கண்ணில் அதை வைத்து அளந்தாள்.

"ரெண்டு இஞ்சு" என்றாள் அவள்.

"இருக்காதே."

"ரெண்டேகால்னு வச்சுக்கலாமா?"

கட்டும்போது அவர் கூட்டின் நீளத்தை அளந்திருந்தார், அகலத்தை அளந்திருந்தார், கால் ஊன்றும் குழியின் ஆழத்தை அளந்திருந்தார். வலையின் கண்ணை மட்டும் அளக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். "அன்னிக்கு, முதல் நாள், நீங்கதானே திறந்தீங்க. கதவு திறந்து கிடந்துச்சா?"

"திறந்துதான் இருந்திருக்கணும். இல்லன்னா எப்படி..."

"இருந்திருக்கணும் இல்ல. பாத்தீங்களா?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். பொய் சொல்லத் தெரியாதவர், அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை.

"கொண்டியைத் தூக்கித்தான் திறந்தேன்" என்றார் கடைசியில்.

"ரெண்டாவது தடவை?"

"அப்பவும் தூக்கித்தான்."

அவள் அந்த முள்ளுச் செடிக்கு நடுவில், ஈர மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. சாத்தினேன். கொண்டியைப் போட்டேன். விழுந்த சத்தத்தைக் கேட்டேன். ஒவ்வொரு நாளும். எல்லா 'டக்'கும் உண்மை.

"என்னாச்சு? மயக்கமா?" அவர் வலையில் முகத்தை வைத்துக் கேட்டார்.

"இல்லீங்க. நல்லா இருக்கேன்."

இரும்புச் சாமான் கடைக்கு இருவரும் போனார்கள். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அன்னிக்கே சொன்னேனே சார். அது கோழி வெளிய போகாம இருக்கற வலை. வெளிய இருக்கறது உள்ள கை விடாம இருக்கணும்னா அரை இஞ்சு சதுரக் கண்ணு, வெல்டிங் வெச்சது. நீங்கதான், 'எனக்கே சொல்றியா, எத்தனை கிராமம் அளந்திருக்கேன்'னீங்க." டேப் சார் அவசரமாகக் கடையின் விட்டத்தை நிமிர்ந்து பார்த்தார், அதன் நீளம் எவ்வளவு இருக்கும் என்று யோசிப்பவர் போல.

சனிக்கிழமை முழுக்க வேலை. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் புது வலை. அதன் அடிப்பகுதியைத் தரையில் வெளிப்பக்கமாக ஒன்றரையடி மடக்கிப் பரப்பி, மேலே கல் வைத்தார்கள், எதுவும் மண்ணைத் தோண்டி வராதபடி. உள்ளே ஓரத்தில் ஓரடி உயரத்துக்குப் பலகை, தூங்குகிற கோழி வலையில் சாயாமல் இருக்க. பலகை அவள் சொன்னது. "நல்ல யோசனைதான்" என்றார் அவர், ஆணியை வாயில் வைத்துக்கொண்டு. அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணினாள். இருபத்தாறு. கல்லைச் சுற்றி ஐந்து விரல் காலடி சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. வந்திருக்கிறது, கை விட்டுப் பார்த்திருக்கிறது, போயிருக்கிறது. திங்கட்கிழமை இருபத்தாறு. செவ்வாய் இருபத்தாறு. மருத்துவமனையில் கார்டை எடுத்தாள், ஒரு முறை பார்த்தாள், கொடுத்தாள்.

"அக்கா படிச்சு முடிச்சிட்டாங்க" என்றாள் மேசைப் பெண்.

புதன்கிழமை அவள் ஒரு முழுத் தூக்கம் தூங்கினாள். விழித்தபோது ஒன்று தெளிவாக இருந்தது. அம்மாவுக்கு வந்தது அவளுக்கும் என்றைக்காவது வரலாம். வந்தால் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அப்போது அவளே போவாள், அவளே சொல்வாள். ஆனால் இது அதுவல்ல. இது ஒரு வலை.

வியாழக்கிழமை காலை அவள் கூட்டுக்குள் தீவனம் அள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ.

"மணி ஒன்பதரை. கிளம்பல?"

"எங்க?"

"அதான்... பத்தரைக்கு." கொண்டியைத் தூக்கிப் போட்டு, தூக்கிப் போட்டு விளையாடினார். "அக்கா சொல்லி வாங்கின நேரம். போகலன்னா ஒரு மாதிரி இருக்கும்."

"அண்ணிகிட்ட வலை விஷயம் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? இத்தனை வருஷமா தம்பி அளந்தா தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா. ரெண்டு இஞ்சுல கோட்டை விட்டேன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா."

"ஆமா, சொல்லிக் காட்டுவாங்க."

"அதான் சொல்றேன். அரை மணி நேர வேலை. அவர் நாலு கேள்வி கேப்பாரு, இன்னிக்கு என்ன கிழமை, நூறுல இருந்து ஏழைக் கழிச்சா எவ்வளவுன்னு. உனக்கென்ன, கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவ. ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துடுவாரு. கதவு விஷயம் அப்படியே இருக்கட்டும். நீயும் ஏதோ மறந்துட்ட, இப்ப சரியாயிட்ட. யாருக்கு நஷ்டம்?"

ஒரு கோழி அவள் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அதன் வயிற்றுச் சூடு செருப்பைத் தாண்டி வந்தது. அவர் கேட்பது சின்ன விஷயம்தான். முகத்தைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது. முப்பது வருடத்தில் இதைவிடப் பெரியவற்றை அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள், விட்டுக்கொடுத்ததே தெரியாமல்.

காலை மெல்ல உருவிக்கொண்டாள். கோழி எழாமல் பக்கத்தில் சரிந்தது.

"நான் வரலீங்க."

"அப்ப அக்காகிட்ட என்னன்னு சொல்ல?"

"கதவு சாத்தித்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல." உண்மையாகவே இல்லை. அவள் சட்டியில் மீதி இருந்த தீவனத்தைத் தட்டி உதறினாள். "நான் மறக்கலீங்க. அதை மறந்துட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் தண்ணீர்க் குவளையை எடுத்துக் கவிழ்த்துக் கழுவத் தொடங்கினாள்.